நடிகருக்குப் பின்னால் தெரியும் ஊர்

(மலேசியாவில் ஈப்போவுக்கு அருகிலுள்ள செமோரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய படங்களில் தெரியும் மறைந்துபோன கொட்டகைகளை அடையாளம் காண்பது, ஒரு படத்துக்காக எடுத்த காட்சி வேறொரு படத்தில் வந்து நிற்பதைக் கண்டுபிடிப்பது, இவைதாம் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். சினிமாப் பித்துக் கொண்டவர்களின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிடுவோர் உண்டு. தோட்டத் தமிழர்களான நம்முடைய வரலாற்றுக்கு இது அவசரமான வேலை என்று நான் நம்புகிறேன். அதைச் செய்யத் தகுதியுள்ளவர்கள் இந்த மண்டபத்தின் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் நம்புகிறேன்.

மலாயாவைப் பற்றிய ஆவணப்படம் என்றால் மரம் வெட்டும் காட்சி ஒன்று எப்படியும் இருக்கும். விடிந்தும் விடியாத வெளிச்சம், நிரை நிரையாக மரங்கள், தலையில் துணி கட்டிய ஒரு பெண், கையில் உளி, கீழே மங்கு, பட்டையில் வழியும் பால். அடுத்த முறை இந்தக் காட்சியைப் பார்க்கும்போது அந்தப் பெண்ணை விட்டுவிட்டு வெட்டைப் பாருங்கள். மரத்தைப் பார்த்து நிற்பவருக்கு வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ வேண்டும், சுமார் 30 பாகைச் சரிவில். பட்டைக்குள் பால்குழாய்கள் செங்குத்தாக ஓடுவதில்லை, சற்றே சாய்ந்து ஓடுகின்றன. இந்தச் சரிவில் வெட்டினால்தான் கூடுதலான குழாய்கள் அறுபடும், கூடுதலாகப் பால் இறங்கும். திரையில் வெட்டு எதிர்த்திசையில் சரிந்திருந்தால், படச்சுருளை இடவலம் புரட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று அறியலாம். முந்தின காட்சியில் ஆள் வலது பக்கம் நடந்து போயிருப்பார், கையில் இருக்கும் பழைய காட்சியிலோ இடது பக்கம் திரும்பி நிற்பார். இரண்டையும் பொருத்தத் தொகுப்பாளர் செய்கிற வேலை இது. அந்தப் பெண் சேலை கட்டியிருந்தால் முந்தானையும் வலத்தோளில் கிடக்கும். புரட்டிப் போட்ட காட்சி பெரும்பாலும் இரவல் காட்சி. தனக்கென்று எடுத்திருந்தால் வேண்டிய திசையிலேயே எடுத்திருப்பார்களே.

இந்த நுணுக்கம் லண்டன் காப்பகத்தில் ஆயுள் முழுக்க வேலை செய்தவருக்கும் தெரியாமல் போகலாம். விடியலில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், நிரை பிடித்து, மரம் வெட்டி, காண்டா கட்டிய வாளியில் பால் தூக்கிய ஓர் அம்மாவுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அந்த அம்மாவை நாம் இன்னும் திரைக்கு முன்னால் உட்காரவைத்துக் கேட்கவில்லை.

ஒரு படத்தின் காட்சியை இன்னொன்றில் ஏன் போடுகிறார்கள்? முதல் காரணம் செலவு. 1939இல் வந்த 'த ஃபோர் ஃபெதர்ஸ்' என்ற பிரிட்டிஷ் படத்துக்காக சூடானுக்கே போய்ப் பாலைவனப் போர்க்காட்சிகளை எடுத்தார்கள். 1955இல் அதே கதையை 'ஸ்டார்ம் ஓவர் த நைல்' என்று மறுபடி எடுத்தபோது, பழைய போர்க்காட்சிகளையே அகலத்திரைக்கு ஏற்ப இழுத்துச் சேர்த்துவிட்டார்கள். பதினாறு வருடத்துக்கு முன்பு ஓடிய ஒட்டகங்கள் புது நடிகர்களுக்காக இன்னொரு முறை ஓடின. சென்னைப் படங்களிலும் இந்தப் பழக்கம் ஊறிப்போனது. கிராமத்துப் பையன் பட்டணத்துக்கு வந்துவிட்டான் என்று காட்ட சென்ட்ரல் ஸ்டேஷன், அடுத்து 1959இல் கட்டி முடித்த பதினான்கு மாடி எல்ஐசி கட்டடம். இவற்றை ஸ்டாக் ஷாட் என்று தொழிலில் சொல்வார்கள். பொறுமையாகப் பார்த்தால் அந்த ஷாட்டுகளில் போகும் பஸ், தெரியும் விளம்பரப் பலகை, கதை நடக்கும் வருடத்துக்குச் சில நேரம் ஒத்துவராது.

இரண்டாவது காரணம் நம்மை நேராகத் தொடுவது: போக முடியாத இடத்துக்கு இரவல் காட்சியோ இரவல் ஊரோதான் வழி. 1948 ஜூன் 16ஆம் தேதி, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில், எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான மலாயா அவசரகாலம் பிறந்தது. நான்கு வருடம் கழித்து, ரப்பர் தோட்டத்துத் துரையின் மனைவியைக் கதாநாயகியாக்கி 'த பிளான்டர்ஸ் வைஃப்' என்ற படம் வந்தது. கிளாடெட் கோல்பர்ட்டும் ஜாக் ஹாக்கின்ஸும் நடித்தார்கள். அமெரிக்காவில் அதற்கு 'அவுட்போஸ்ட் இன் மலாயா' என்று பெயர். நட்சத்திரங்கள் நடித்த காட்சிகளில் பெரும்பகுதி இங்கிலாந்தின் பைன்வுட் தளத்தில் எடுத்தவை. 1957இல் வந்த 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்தின் பாலத்தை இலங்கையில் கித்துல்கலவில் கட்டினார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயிலைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பகுதி அந்தப் படத்தால்தான். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு அந்தத் தண்டவாளத்தில் மாண்ட தமிழர்களுக்கு அந்தக் கதையில் இடமே இல்லை. இலங்கை மலை சயாம் ஆனது, இங்கிலாந்து தளம் மலாயா ஆனது. இதில் எந்தத் துண்டு எந்த ஊர் என்று பிரித்தறியும் கண் நமக்கு வேண்டும். இல்லையென்றால் நம் பேரப்பிள்ளைகள் வேறு ஊரைப் பார்த்து இதுதான் தாத்தாவின் தோட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நம் ஆட்களே இருக்கும் இரவல் காட்சிகளும் உண்டு. நேதாஜியின் காட்சிகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1943இல் சிங்கப்பூரில் நடந்த இந்திய தேசிய ராணுவ அணிவகுப்பு, ஜான்சி ராணிப் படையின் பெண்கள். அவற்றில் பெரும்பகுதி ஜப்பானியச் செய்திப்படக்காரர்கள் எடுத்தவை. அதே சில நிமிடங்கள்தாம் எண்பது வருடங்களாக ஆவணப்படங்களிலும் தொலைக்காட்சியிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. நேதாஜி எங்கே நிற்கிறார், யார் பக்கத்தில் நிற்கிறார் என்றெல்லாம் ஆராய்ந்திருக்கிறார்கள். வரிசையில் நிற்பவர்கள் யார்? மலாயாத் தோட்டங்களிலிருந்து போன ஆண்களும் பெண்களும் அந்தப் படைகளில் திரளாக இருந்தார்கள். ஒரே ஒரு வீட்டிலாவது ஒரு கிழவி திரையைக் காட்டி அது என் அக்கா என்று சொல்லியிருப்பாள். அதைக் குறித்துவைக்கப் பக்கத்தில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இரவல் காட்சி என்றதும் ஏமாற்று வேலை என்று தோன்றக்கூடும். அதையே தவம்போலச் செய்த ஒரு தமிழரைப் பற்றிச் சொல்கிறேன். ஏ. கே. செட்டியார். 1911இல் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தவர். ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையை நடத்தியவர், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்தவர். 'மலேயா முதல் கனடா வரை' என்ற அவருடைய பயணநூலை இங்கே சிலர் வாசித்திருப்பீர்கள். 1937இல், காந்தி பிறந்த நாளான அக்டோபர் 2ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம். கையில் பணம் இல்லை. வயது 26 கூட நிரம்பவில்லை. காந்தியின் கடந்த காலத்தையோ புதிதாகப் படம்பிடிக்க முடியாது. எனவே உலகம் முழுக்க யார் யார் எப்போது காந்தியைப் படமெடுத்தார்களோ அவர்களிடமெல்லாம் போய்க் கேட்பது என்று கிளம்பினார். உலகப்போர் மூளும் சமயம். ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டர் அலைந்து, முப்பது வருட காலத்தில் சுமார் நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டினார். அதை 12,000 அடியாகத் தொகுத்தார். 1940 ஆகஸ்ட் 23ஆம் தேதி சென்னை புரசைவாக்கம் ராக்ஸி கொட்டகையில் படம் தமிழில் வெளியானது.

எனக்குத் தெரிந்து தமிழில் இதற்கு நிகரான வேலை இன்னொன்று இல்லை. ஒவ்வொரு துண்டும் எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று தேடித் தேடி உறுதிசெய்து அடுக்கிய வேலை அது. மௌனப்படக் கால கேமராவை விநாடிக்கு 16, 18 சட்டங்கள் என்ற வேகத்தில் கையால் சுற்றினார்கள். அதைப் பேசும்படக் கருவியில் 24 சட்டங்களாக ஓட்டினால் ஆட்கள் ஓடுவதுபோல் தெரியும். பழைய செய்திப்படங்களில் காந்தி குடுகுடுவென்று போவதற்குப் பாதிக் காரணம் இதுதான், மீதி அவருடைய நடை. ஒரு துண்டில் ஆள் நடக்கும் வேகமே அந்தத் துண்டு எந்தக் காலத்துக் கேமராவில் பிறந்தது என்று சொல்லிவிடும்.

அந்தப் படத்தின் பிற்கால வாழ்க்கை துயரமானது. பிரிட்டிஷ் ஆட்சிக்குப் பயந்து பிரதிகளைப் பத்திரப்படுத்த வேண்டியிருந்தது. 1953இல் ஹாலிவுட்டில் ஆங்கில வடிவம் ஒன்று தயாரானது. அதன்பின் மூலப்படம் எங்கே போனதென்றே தெரியாமல் போனது. செட்டியாரின் தேடலைப் பற்றிய எழுத்துகளை 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலாகப் பதிப்பித்த ஆ. இரா. வேங்கடாசலபதிதான் பல வருடம் கழித்து, ஆங்கில வடிவத்தின் பிரதி அமெரிக்காவில் இருப்பதைக் கண்டறிந்தார். 1983இல் செட்டியார் காலமானபோது தமிழ்ப்படம் கண்ணில் படாமலே இருந்தது. நூறு பேரின் துண்டுகளைக் காப்பாற்றியவரின் துண்டுகளை நாம் காப்பாற்றவில்லை. சுங்கை சிப்புட்டில் மலாயா இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் முயற்சியில் எழுந்து, 1954இல் விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்த மகாத்மா காந்தி கலாசாலையைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் படத்தின் நினைவு வரும்.

கொட்டகைகளுக்கு வருகிறேன். ஈப்போவின் லிடோ, ரெக்ஸ், ஓடியன், கேத்தே, ரூபி, மெஜஸ்டிக் என்று சொன்னால் உங்களில் பலருக்கு முகம் மலர்கிறது. இவற்றை அடையாளம் காண்பதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த நாட்டில் கொட்டகைப் பெயர்கள் ஊருக்கு ஊர் ஒன்றே. ரெக்ஸ் என்ற எழுத்து திரையில் தெரிந்தால் அது ஈப்போவாக இருக்கலாம், கோலாலம்பூராக இருக்கலாம், சிங்கப்பூரின் மெக்கன்சி சாலையாகவும் இருக்கலாம். அப்போது முகப்பை விட்டுவிட்டு வாசலில் நிற்கும் காரைப் பார்க்க வேண்டும். எண்பலகை A என்று தொடங்கினால் பேராக், B என்றால் சிலாங்கூர், P என்றால் பினாங்கு. ஒரு காரை நம்பிவிடக் கூடாது, வெளியூர்க் காராக இருக்கலாம். மூன்று நான்கு கார்கள் ஒரே எழுத்தில் நின்றால் ஊர் கிட்டத்தட்ட உறுதி. அடுத்தது தட்டியில் எழுதியிருக்கும் படத்தின் பெயர். அது வெளியான மாதத்தைப் பழைய 'தமிழ் நேசன்' நாளிதழ் விளம்பரத்தில் தேடினால் காட்சி எடுத்த தேதிக்கே போய்ச் சேரலாம். மூலச்சுருள் கையில் கிடைத்தால் இன்னும் ஒரு வழி இருக்கிறது. கோடாக் நிறுவனம் சுருளின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சிறு குறிகள் அச்சிட்டு வந்தது. அவை அந்தச் சுருளைத் தயாரித்த வருடத்தைச் சொல்லும். ஆனால் இருபது வருடத்துக்கு ஒருமுறை அதே குறி திரும்பி வரும், ஆகவே 1937ஆ 1957ஆ என்பதைப் படத்தில் நிற்கும் காரும் மனிதரும்தான் தீர்த்துவைக்க வேண்டும்.

நம் வட்டாரத்துக்கு இன்னொரு சாட்சி உண்டு: சுண்ணாம்புக் குன்றுகள். கிந்தா பள்ளத்தாக்கில் எடுத்த எந்த வெளிப்புறக் காட்சியிலும் தொலைவில் ஒரு குன்றின் விளிம்பு தெரியும். அந்த விளிம்பை வைத்து எந்த இடத்தில் நின்று எடுத்தார்கள் என்று செமோர்க்காரர் ஒருவர் சொல்லிவிடலாம். கந்தான் குன்றைப் பல வருடங்களாக உடைத்து வருகிறார்கள், அதன் உருவமே மாறிவிட்டது. எனவே அந்தக் குன்று தெரியும் காட்சியில் இடமும் தெரியும், ஏறக்குறைய காலமும் தெரியும்.

பத்துமலையும் இப்படித்தான். 1978இல் கே. சங்கர் இயக்கிய 'வருவான் வடிவேலன்' படத்தில் பத்துமலைப் படிக்கட்டு வெறும் படிக்கட்டாக நிற்கிறது. 2007இல் வந்த 'பில்லா'வில் 42.7 மீட்டர் உயர முருகன் நிற்கிறார், ஏனென்றால் சிலைக்கு 2006 ஜனவரியில்தான் திறப்பு விழா நடந்தது. 272 படிகளுக்கும் வண்ணம் பூசியது 2018இல். எதிர்காலத்தில் யாரோ ஒருவருக்குப் பெயர் தெரியாத ஒரு துண்டு கிடைத்தால், சிலை இல்லை, வண்ணம் இல்லை என்று பார்த்தே காலத்தைக் குறுக்கிவிடலாம். அந்தப் படங்களை எடுத்தவர்கள் யாரும் ஆவணம் செய்ய வந்தவர்கள் அல்லர். 'சேனிமான் பூஜாங் லாப்போக்' படத்தை 1961இல் பி. ரம்லி நகைச்சுவைக்காகத்தான் எடுத்தார். இன்று சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோ வேலை நடந்துகொண்டிருந்த நாளில் எப்படி இருந்தது என்று பார்க்க அதைத்தான் போட்டுப் பார்க்கிறோம்.  1979இல் பீட்டர் போக்டனோவிச் சிங்கப்பூரில் எடுத்த 'செயின்ட் ஜாக்' படத்தை அந்த ஊரில் பல வருடம் தடைசெய்திருந்தார்கள். இன்று அதைப் பார்ப்பவர்கள் கதையை விட்டுவிட்டு, இடிபட்ட தெருக்களைத்தான் தேடுகிறார்கள்.

ஈப்போவின் கதை நேர்மாறானது. நம் தெருக்கள் சினிமாவில் நிறைய வருகின்றன, ஆனால் வேறு ஊரின் பெயரில். ஆங் லீ 2007இல் எடுத்த 'லஸ்ட், காஷன்' படத்தின் பழைய ஹாங்காங் ஈப்போவிலும் பினாங்கிலும் உருவானது. 1999இல் 'அன்னா அண்ட் த கிங்' படத்துக்குத் தாய்லாந்து இடம் கொடுக்கவில்லை, பத்து காஜா கெல்லி மாளிகை சயாம் ஆனது. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் வேலை செய்த மாளிகை அது. ஈப்போவை ஈப்போவாகவே காட்டியவர் யாஸ்மின் அகமட், 2004இன் 'செப்பட்' படத்தில். அதற்காக அவருக்கு இந்த ஊர் என்றும் கடன்பட்டிருக்கிறது. மற்ற படங்களைப் பற்றி எங்காவது ஒரு வரியில் இது ஈப்போ, இன்ன தெரு என்று எழுதிவைக்க வேண்டியது நாம்தான். வேறு யார் எழுதுவார்கள்?

தமிழ்நாட்டிலும் கட்டடங்கள் தங்கவில்லை. சென்னையின் எலக்ட்ரிக் தியேட்டர் 1913இல் தொடங்கியது. அண்ணா சாலையில் அஞ்சல்துறையிடம் போய்ச் சேர்ந்ததால் அது மட்டும் பிழைத்துக் கிடக்கிறது. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த மதுரை தங்கம் போய்விட்டது. சென்னை சபையர் போய்விட்டது, சாந்தி போய்விட்டது. செட்டியாரின் காந்தி படம் வெளியான ராக்ஸியும் இல்லை.

ஆனால் நமக்குள்ள பெரிய இழப்பு கட்டடமே இல்லாத கொட்டகை. தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். லயம் என்ற வரிசை வீடுகளிலிருந்து பாயும் முக்காலியும் தூக்கிக்கொண்டு சனம் வந்துவிடும். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களுக்கு எம்ஜிஆர் இடக்கையால் வாள் சுழற்றுவார், பெயரெழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் வலமிருந்து இடமாக ஓடும். புரட்டிப் போட்ட படத்தை முதலில் பார்த்துப் பழகியவர்கள் நம் ஆட்கள்தாம்! தகவல் இலாகாவின் வண்டியும் வரும். 1946இல் தொடங்கிய மலாயன் பிலிம் யூனிட்டின் படங்களைத் தமிழ் விளக்கவுரையோடு காட்டும். அந்தப் படங்களுக்குள் தோட்டம் இருந்தது. அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த திடல் எந்தப் படத்திலும் இல்லை. 2005இல் தீபக் குமாரன் மேனன் 'செம்மண் சாலை'யில் அறுபதுகளின் தோட்டத்தைக் காட்ட முனைந்தபோதும், 2015இல் சஞ்சய் குமார் பெருமாள் 'ஜகாட்'டில் தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களின் தொண்ணூறுகளைக் காட்டியபோதும், அவர்கள் பெரும்பகுதியைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது.

அப்படியானால் நம் தோட்டங்கள் அசையும் படமாக எங்குமே இல்லையா? இருக்கின்றன. உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டத்தில் நடந்த கல்யாணங்களை வீடியோ எடுத்தார்கள். மாப்பிள்ளை அழைப்பு லயத்தின் ஊடாக வரும். பின்னால் பெரட்டுக்களம், பால் ஸ்டோர், ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில் மண்டபம், அதற்கும் பின்னால் அந்தச் சுண்ணாம்புக் குன்று. வீடியோக்காரர் மாலையை எடுத்தார், தோட்டம் தானாக வந்து விழுந்தது. சங்காட் கிண்டிங், ஸ்ட்ராத்திஸ்லா, கிந்தா வேலி தோட்டங்களில் கல்யாணம் செய்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். நம் ஈர வெயிலில் விஎச்எஸ் நாடாவில் பூஞ்சை பிடிக்கிறது. பூஞ்சை பிடித்த நாடாவைப் பழைய பிளேயரில் போட்டால் நாடாவும் போகும், பிளேயரின் வாசிப்புத் தலையும் கெடும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கேசட்டின் மேல் மணமக்கள் பெயரும் தேதியும் இருக்கும். கூடவே ஒரு தாள் வைத்து எழுதுங்கள்: எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், ஊர்வலம் எந்த லயத்திலிருந்து எந்த வழியாக வந்தது, இன்று அந்த இடத்தில் எந்தத் தாமான் (குடியிருப்பு) இருக்கிறது. நகல் எடுத்து வந்ததும் வீட்டில் மூத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுங்கள். மணமேடை வரும்போது படம் ஓடட்டும். பந்தியும் கூட்டமும் வரும்போது நிறுத்துங்கள். ஓரத்தில் நிற்பவர்களை ஒவ்வொருவராகக் கேட்டு, நிமிடமும் விநாடியும் போட்டு, பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைச் சேர்த்துவைக்கத் தமிழ்ப்பள்ளி நூலகம் ஒன்று முன்வந்தால், வரிசைப்படுத்தும் வேலையை நான் செய்து தருகிறேன். விருப்பமுள்ளவர்கள் தேநீர் நேரத்தில் பெயர் கொடுக்கலாம்.